அடிச்சட்டத்தின் சொந்தக்காரன்

பரிசோதகர் மண்ணில் ஒரு முழங்காலை ஊன்றி, காரின் முன்சில்லுக்குப் பின்னால் கையை விட்டு அடிச்சட்டத்தைத் தடவினார்.

"இதில ஏன் பெயின்ற் இவ்வளவு தடிப்பா அடிச்சிருக்கு?"

"கறள் பிடிக்காமல் இருக்க அடிச்சது சேர்," என்றான் நவ்பர்.

"சுரண்டுங்கோ, பாப்பம்."

அதுவரை எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. வவுனியாவில் வாகனங்களைப் பரிசோதிக்கும் அந்த வளவுக்குள் பழைய ஒஸ்ரின் ஏ-40 கார் கறுப்புப் பளபளப்போடு நுழைந்தபோது, வரிசையில் நின்ற ஓட்டோக்காரரும் லொறிக்காரரும் இறங்கிவந்து சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். எழுபது வயது கடந்த கார். பரிசோதகரும் சிரித்த முகத்தோடுதான் வந்தார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார். விளக்குகளைப் போட்டுப் பார்த்தார். பழைய பெற்றோல் எஞ்சின் இருந்த இடத்தில் நவ்பர் பூட்டியிருந்த டீசல் எஞ்சினின் பற்றுச்சீட்டை வாசித்தார். எஞ்சின் மாற்றியதைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிவிடலாம், நிறம் மாற்றியதையும் ஏற்றிவிடலாம் என்று தாமாகவே சொன்னார்.

நவ்பர் உப்புத்தாளால் தேய்த்தான். கறுப்புக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே இரும்பு. இரும்பில் வெட்டியிருந்த எண்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. பரிசோதகர் அதைக் கைபேசியில் படம் பிடித்தார். பிறகு புத்தகத்தைப் பிரித்து விரலை வைத்து ஒப்பிட்டார். முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது.

"இது இந்தப் புத்தகத்துக்குரிய கார் இல்லையே."

"உடம்பு சாவகச்சேரியில வாங்கினது சேர். புத்தகமும் அந்தக் காருடையதுதான். அதின்ர அடிச்சட்டம் உக்கி ரெண்டா முறிஞ்சு கிடந்தது. இந்தச் சட்டம் மட்டும் விசுவமடுவில ஒரு இரும்புக்கடையில எடுத்தனான்."

"கடைக்காரன் என்ன எழுதித் தந்தவன்?"

"ஒண்டும் எழுதேல்லை. தராசில நிறுத்துத் தந்தவர்."

பரிசோதகர் எழும்பி, காற்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "இஞ்ச பாருங்கோ. உடம்பை மாத்தலாம், எஞ்சினை மாத்தலாம். ஆனா எங்களுக்கு வாகனம் எண்டுறது இந்தச் சேசி, இந்த அடிச்சட்டம்தான். அதையும் மாத்தேலாது எண்டில்லை. மாத்தின சேசி எந்த வாகனத்தில இருந்து வந்தது, அதின்ர சொந்தக்காரர் ஆர், அவர் விருப்பப்பட்டுத் தந்தவரோ, எல்லாத்துக்கும் எழுத்து வேணும். இல்லாட்டி இது களவெடுத்த வாகனமோ எண்டு நான் யோசிக்க வேண்டிவரும்."

"சொந்தக்காரர் ஆரெண்டு எனக்கு எப்பிடித் தெரியும் சேர்?"

"அதை நாங்கள் பாத்துச் சொல்லலாம். அவரிட்ட ஒரு கடிதம் வாங்குங்கோ. ஆள் உயிரோட இல்லாட்டி மரணச் சான்றிதழும், உரித்துக்காரரின்ர கடிதமும். அதுவரை காரை றோட்டில ஓடாதேங்கோ."

கட்டி இழுத்துத்தான் காரைத் திருப்பிக் கொண்டுபோனான்.

நவ்பரின் கராஜ் கனகராயன்குளத்தில் ஏ-ஒன்பது வீதியோரம் இருந்தது. பிறந்தது முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்று. பத்து வயதில், வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்ன இயக்கத்தால் ஊரோடு விரட்டப்பட்டு, புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு வன்னிக்குத் திரும்பியவன். லொறிகளுக்குக் கீழே மல்லாந்து படுத்தே காலம் போயிற்று. ஒருநாள் ஒரு கியர்பெட்டி எதிர்பாராமல் நெஞ்சில் இறங்க, அதைத் தள்ளிவிடத் திரும்பியதில் முதுகெலும்பு வட்டு விலகியது. இனிப் பாரம் தூக்கினால் இடது கால் விளங்காமல் போகும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அப்போதுதான் கல்யாணக் கார் யோசனை வந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பழைய கார் வேண்டும் என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வாடகைக்கு வருவிக்கிறார்கள். மனைவி பர்வின் தன் காப்புகளைக் கழற்றித் தந்தாள். உடம்பை ஓரிடத்தில், சட்டத்தை ஓரிடத்தில், கண்ணாடியை இன்னோரிடத்தில் என்று தேடித் தேடி அந்தக் காரைக் கட்டி எழுப்பியிருந்தான்.

வவுனியாவில் வளவுக்கு வெளியே நின்ற ஒரு தரகன், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் 'நானா' என்று கூப்பிட்டுச் சொன்ன வழி எளிதாக இருந்தது. "கிறைண்டரைப் பிடிச்சு அந்த நம்பரை அழிச்சுப்போட்டு, புத்தகத்து நம்பரை வெட்டுங்கோ நானா. இந்த ஆள் மாறிப்போனபிறகு கொண்டுவாங்கோ."

நம்பர் வெட்டும் உளிகள் கராஜில் இருந்தன. நவ்பர் அவற்றை எடுத்துப் பரப்பி, முதல் உளியை இரும்பில் வைத்துச் சுத்தியலை ஓங்கியும் விட்டான். பரிசோதகரின் கைபேசியில் இருந்த படம் நினைவுக்கு வந்தது. நேர்மை பாதி, பயம் பாதி. உளிகளைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டான்.

பரிசோதகரிடமிருந்து பெயரும் விலாசமும் கிடைத்தன. யோகலிங்கம், தர்மபுரம்.

விலாசத்தைக் காட்டிக் கேட்டபோது ஒரு கடைக்காரர் நவ்பரை ஏற இறங்கப் பார்த்து, "ஹயர் கார் யோகலிங்கமோ?" என்றார். "அவர் இல்லை. மனிசி இருக்கிறா. அந்த வேலியோட நேரே போங்கோ."

வீட்டுத்திட்டத்தில் கட்டிய, பூச்சுப் பூசாத கல்வீடு. முற்றத்தில் ஒரு பெண் சாக்கு விரித்து மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அதைக் கண்டதும் நவ்பருக்கு நிம்மதியாக இருந்தது. ஆள் வெளியே எங்காவது போயிருப்பார் என்று நினைத்தான்.

"யோகலிங்கம் அண்ணை எப்ப வருவார் அக்கா?"

அந்தப் பெண் நிமிர்ந்தார். கையிலிருந்த மிளகாய் சாக்கில் விழுந்தது. "அவரை உங்களுக்குத் தெரியுமோ தம்பி? எங்க கண்டனீங்கள்?"

கேட்ட வேகத்திலேயே நவ்பருக்கு விளங்கிவிட்டது. காணாமல் போனவர்களின் வீட்டார்தான் அந்த மண்ணில் இப்படிக் கேட்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். "இல்லை அக்கா, நான் காணேல்லை. அவற்ர கார் விசயமா வந்தனான்."

யோகலிங்கத்தின் மனைவி நாகேஸ்வரி அவனைக் கதிரையில் இருத்தினார். மகள் தர்மிளா, முன்பள்ளியில் படிப்பிப்பவள், குசினி வாசலில் வந்து நின்றாள். நவ்பர் கைபேசியில் காரின் படத்தைக் காட்டினான்.

"இது அவற்ர கார் இல்லை," என்றார் நாகேஸ்வரி. "அவற்ரது சாம்பல் நிறம்."

"அடிச்சட்டம் மட்டும்தான் அவருடையது அக்கா. கீழ இருக்கிற இரும்பு. மிச்சமெல்லாம் நான் வேற காரில எடுத்துப் பூட்டினது."

அவர் படத்தில் சில்லுகளுக்கு நடுவே, அடிச்சட்டம் இருக்கக்கூடிய இடத்தில், விரலை வைத்தார். பிறகு கேட்டார்: "இது எங்க கிடந்தது?"

"தெரியாது அக்கா. இரும்புக்கடையில எடுத்தனான்."

நாகேஸ்வரி கதையைச் சொன்னார். அழாமல், பலமுறை பலரிடம் சொல்லித் தேய்ந்த குரலில் சொன்னார். கடைசிச் சண்டையில், மாத்தளனில் சனமெல்லாம் கடலோரக் களப்புத் தண்ணீருக்குள் இறங்கி ஆமியின் பக்கம் போகத் தொடங்கிய நாள். அவரும் மகளும் இறங்கிவிட்டார்கள். யோகலிங்கம் காரை விட்டுவிட்டு வரத்தான் இருந்தார். அந்த நேரம் இரண்டு காயக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்து பின் சீற்றில் ஏற்றிவிட்டார்கள். முள்ளிவாய்க்காலில் ஆஸ்பத்திரி இன்னும் நடக்கிறது என்றார்கள்.

"'நீங்கள் போங்கோ, நான் இவையை விட்டிட்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டுக் காரைத் திருப்பினவர். கார் திரும்பினதை நான் கண்டனான். கண்டது அவ்வளவுதான்."

நவ்பர் வந்த காரியத்தைச் சொல்லாமல் எழும்பிவிடலாமா என்று யோசித்தான். ஆனாலும் சொன்னான். கடிதம், கையெழுத்து, உரித்துக்காரர்.

"நான் எப்பிடித் தம்பி தாறது? கார் அவற்ர பேரில. அவர் வந்து தருவார்."

"அம்மா..." என்றாள் தர்மிளா.

"நீ பேசாமல் இரு. தம்பி, மரணச் சான்றிதழ் எடுங்கோ, காசு தாறம் எண்டு கவர்மெண்டில இருந்து எத்தினை பேர் வந்தவை தெரியுமோ? நான் எடுக்கேல்லை. எடுக்கவும் மாட்டன். உங்களோட எனக்குக் கோவம் இல்லை. ஒண்டு செய்யுங்கோ. அந்த இரும்பு எங்க கிடந்தது எண்டு விசாரிச்சுச் சொல்லுங்கோ. பிறகு கடிதத்தைப் பற்றிக் கதைப்பம்."

வழியனுப்ப வந்த தர்மிளா படலையடியில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணா, மரணச் சான்றிதழ் இருந்தாக் காணும்தானே? மகள் எண்டு நானும் விண்ணப்பிக்கலாமாம், கந்தோரில கேக்க விதானை சொன்னவர். இந்தக் காணி உறுதிக்கும் அது வேணும். அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து, கடிதத்தையும் நானே தாறன். நீங்க ஒண்டையும் விசாரிக்கப் போக வேண்டாம். அது எங்க கிடந்தது எண்டு தெரிஞ்சா அம்மா தாங்க மாட்டா."

நவ்பர் தலையாட்டினான். ஆனால் விசுவமடு பக்கத்தில்தான் இருந்தது. மோட்டார்சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பாமல் வீட்டுக்குப் போக அவனால் முடியவில்லை.

சிவராசாவின் இரும்புக்கடை தகரவேலிக்குள் மலைபோலக் குவிந்து கிடந்தது. சைக்கிள் பிரேம்கள், தண்ணீர்ப் பம்பிகள், லொறி றிம்கள். சிவராசா பிளேன்ரீ வருவித்துத் தந்தார். ஒஸ்ரின் சட்டம் எங்கே எடுத்தது என்று கேட்டதும், "நினைவில்லை நானா, எத்தினை இரும்பு வருகுது," என்றார். வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துச் சொன்னார்.

"அதின்ர சொந்தக்காரற்ர மனிசியைப் பாத்திட்டு வாறன் அண்ணை. தர்மபுரத்தில இருக்கிறா. ஹயர் கார் ஓடின யோகலிங்கம் எண்டு."

சிவராசா தேநீர்க் கோப்பையோடு அவன் பக்கம் திரும்பினார். கோப்பையை ஒரு றிம்மின் மேல் வைத்தார். வேலையாள் தூரத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டார்.

"அந்த ஆளைத் தெரியும். என்ர மூத்தவள் பிறக்கேக்க என்ர மனிசியை அந்தக் காரிலதான் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனது." வேலியோரத்து இரும்புக் குவியலைப் பார்த்தார். "அது அவற்ர கார் எண்டு எனக்குத் தெரியாது நானா. ஆணை. நிறம் ஒண்டும் இருக்கேல்லை."

"எங்க கிடந்தது?"

"களப்புக்குள்ள. முள்ளிவாய்க்காலுக்கு இஞ்சால் பக்கம். மழை பொய்ச்ச வருசம் தண்ணி நல்லா வத்தினது. கூரை கொஞ்சம் தெரிஞ்சுது. மிதிவெடி எடுக்கிறவை பாத்துத் துப்பரவாக்கின இடம்தான் எண்டு ரக்டரைக் கொண்டுபோய்ச் சங்கிலி போட்டு இழுத்தம். உடம்பு தொட்ட இடமெல்லாம் பொரிஞ்சு விழுந்துது. சட்டம் சேத்துக்குள்ள புதைஞ்சு காத்துப்படாமல் கிடந்ததால தப்பியிருந்தது."

"ஆள்கள்?"

சிவராசா அவனை நேராகப் பார்த்தார். "ஏன் கேக்கிறாய்? வேண்டாம்."

"சொல்லுங்கோ அண்ணை."

"பின்னுக்கு ரெண்டு பேர். முன்னுக்கு ஒராள். முன் கண்ணாடிப் பக்கமா ஆட்லறிச் செல் பட்டிருக்கு. ஸ்ரியறிங் வளைஞ்சு ஆளோட..." கையை உதறினார். "அப்ப ஆரிட்டச் சொல்லுறது நானா? பொலிஸிட்டப் போனா ஏன் எடுத்தாய் எண்டு என்னைத்தான் கேட்பினம். ஆமிக்குச் சொன்னா அது வேற வில்லங்கம். கரையில ஒரு தில்லை மரம் நிண்டது. அதடியில கிடங்கு வெட்டி மூண்டு பேரையும் வைச்சுத் தாட்டுப்போட்டுக் கும்பிட்டிட்டு வந்தம். கற்பூரம் கூட இருக்கேல்லை."

நவ்பர் கராஜுக்குத் திரும்பியபோது கார் தறப்பாளுக்குக் கீழே நின்றது. அவன் அந்த அடிச்சட்டத்தைத் தேய்த்த நாள்கள் நினைவுக்கு வந்தன. இடுக்குகளில் இறுகியிருந்த களிமண்ணைக் கம்பியால் கிண்டி எடுத்து, வாளி வாளியாக வெளியே கொட்டியிருந்தான். அதில் என்ன இருந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கிணற்றடிக்குப் போய்க் கையை முழங்கை வரை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தான்.

பர்வினிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டு முடித்து, "நீங்க இதைச் சொல்லப் போறியளோ?" என்றாள்.

"சொன்னா நீதவானுக்குப் போகும். கிண்டுவினம். காரைச் சான்றுப்பொருள் எண்டு கொண்டுபோவினம்."

"அப்ப சொல்லாதேங்கோ. மகள் கடிதம் தாறன் எண்டவதானே? சான்றிதழ் வந்தா எல்லாம் சட்டப்படிதான். நாங்க பொய் சொல்லேல்லை, களவெடுக்கேல்லை. உங்கட முதுகை நினைச்சுப் பாருங்கோ. திரும்ப லொறிக்குக் கீழ படுத்து, கால் விளங்காமல் போனா நானும் பிள்ளையும் என்ன செய்யிறது?"

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நவ்பர் தர்மபுரத்துக்குப் போகவில்லை. நாள்கள் போயின. தர்மிளா ஒருமுறை அழைத்து, விண்ணப்பம் கொடுத்தாயிற்று, இன்னும் கொஞ்ச நாளில் வந்துவிடும் என்றாள். அதற்குப் பிறகு நாகேஸ்வரியே மகளின் கைபேசியில் அழைத்தார். "என்ன தம்பி, விசாரிச்சனீங்களோ?" "இன்னும் ஆளைப் பிடிக்கேல்லை அக்கா," என்று நவ்பர் பொய் சொன்னான். "பரவாயில்லை, ஆறுதலாப் பாருங்கோ," என்றார் அவர். கிழமைக்கொரு தடவை அந்த அழைப்பு வரும். அதே கேள்வி, அதே பொய், அதே ஆறுதல்.

நவ்பருக்கு அந்தக் குரல் புதிதல்ல. அவனுடைய சாச்சாவை, வாப்பாவின் தம்பியை, ஊரைவிட்டு விரட்டுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு இயக்கத்துப் பெடியள் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். சாச்சி புத்தளத்தில் ஒவ்வொரு லொறிச் சத்தத்துக்கும் கொட்டில் வாசலுக்கு வந்து நிற்பார். வடக்கிலிருந்து வருகிற யாரைக் கண்டாலும் அதே ஆறுதலோடு விசாரிப்பார். விசயம் தெரிந்த ஒருவர் அதே கொட்டில்களிலேயே இருந்தார் என்று, சாச்சி மௌத்தான பிறகுதான் வெளியே வந்தது. அவர் சொல்லாமல் இருந்ததற்கும் ஒரு நல்ல காரணம் இருந்திருக்கும். பிள்ளைகுட்டி இருந்திருக்கும். அந்த மனிதரைச் சாச்சியின் மையத்து வீட்டில் கண்டபோது வாப்பா காறித் துப்பியது நவ்பருக்கு நன்றாக நினைவிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வராமல் நேராகத் தர்மபுரம் போனான். பர்வினுக்கு வழியில் நின்று அழைத்துச் சொன்னான். அவள் அவனைத் தடுக்கவில்லை. "மெதுவாச் சொல்லுங்கோ," என்றாள்.

மெதுவாகச் சொல்வதற்கு அதில் இடம் இருக்கவில்லை. நாகேஸ்வரி முற்றத்தில் நின்றபடியே கேட்டார். தர்மிளா குசினிப் படியில் இருந்துவிட்டாள்.

"களப்புக்குள்ளயோ?" என்றார் நாகேஸ்வரி.

"ஓம் அக்கா."

"பின்னுக்கு ரெண்டு பேரும் இருந்தவையோ?"

"ஓம்."

"முன்னுக்கு?"

நவ்பர் நிலத்தைப் பார்த்தான். "ஒராள் அக்கா."

"அப்ப அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரேல்லை." அவருடைய குரலில் ஒரு கணக்குப் பிழையைக் கண்டுபிடித்தவரின் வியப்பு மட்டும் இருந்தது. "நான் முகாம் முகாமாத் தேடினனான். பூசா தடுப்பு முகாம் வரைக்கும் போனனான். காணாமல் போனவையின்ர ஆக்களோட கிளிநொச்சியில கொட்டில் போட்டு அவற்ர படத்தோட குந்தியிருக்கிறன். அவர் அண்டைக்கே, நான் அக்கரைக்கு ஏறுறதுக்கு முதலே..."

வேலியைப் பிடித்துக்கொண்டார். நவ்பர் ஓடிப்போய்ப் பிடிக்கலாமா என்று தயங்கி நின்றான். தர்மிளா எழும்பி வந்து தாயைத் தாங்கினாள். தாங்கியவள்தான் முதலில் வெடித்து அழுதாள். "ஏன் வந்து சொன்னனீங்கள்? உங்களை வேண்டாம் எண்டு சொன்னனான்தானே!"

"அவனை ஏசாதை," என்றார் நாகேஸ்வரி. "தம்பி, அந்தத் தில்லை மரம் இன்னும் நிக்குதோ?"

நாகேஸ்வரிக்காகச் சட்டத்தரணி ஒருவர், அந்த இடத்தைக் கிண்டும்படி விண்ணப்பம் செய்தார். முல்லைத்தீவில் நீதவான் உத்தரவு கொடுத்தார். பொலிஸார் முதலில் சிவராசாவைக் கொண்டுபோனார்கள். மறுநாள் விட்டாலும், விசாரணை முடியும்வரை கடையைப் பூட்டச் சொன்னார்கள். கனகராயன்குளத்துக்கு வந்தவர்கள் காரை லொறியில் ஏற்றினார்கள். ஏற்றும்போது பின்பக்கத் தகடு சுவரில் உரசி நசுங்கியது. நவ்பர் "ஐயோ" என்றான். பர்வின் வாசலில் பிள்ளையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிண்டிய அன்று காற்றில் உப்பு எரிந்தது. களப்பில் தண்ணீர் தில்லை மரத்துக்குக் கிட்டவரை ஏறியிருந்தது. நீதவானும் சட்ட வைத்திய அதிகாரியும் வந்திருந்தார்கள். சிவராசா இடத்தைக் காட்டிவிட்டு, பொலிஸ் வாகனத்தோடு சாய்ந்து நின்றார். நவ்பர் கிட்டப் போனான்.

"சந்தோசமோ?" என்றார் சிவராசா. "நான் தாட்டன். வேற ஆரும் எண்டா களப்புக்குள்ளயே தள்ளிவிட்டிருப்பாங்கள். நான் கும்பிட்டுத் தாட்டன். எனக்கு இதுதான் கிடைச்சுது."

பொலிஸ் நாடாவுக்கு வெளியே நாகேஸ்வரி ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். சட்ட வைத்திய அதிகாரி வந்து, உடம்பில் ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டார். "இடது தொடையில இரும்புத் தகடு வைச்சிருக்கு," என்றார் நாகேஸ்வரி. "சண்டைக்கு முதல் ரக்டரால விழுந்து முறிஞ்சது. யாழ்ப்பாணத்தில வைச்சவை. குளிருக்கு நோகுது எண்டுவார்."

மண்ணைத் தூரிகையால் தட்டித் தட்டி எடுத்தார்கள். இரண்டு பேர் ஒன்றாகக் கிடந்தார்கள். மூன்றாவது ஆள் சற்று விலகி. வெயில் சாயத் தொடங்கும் நேரம் கிடங்குக்குள் குனிந்திருந்த ஒருவர் கையை உயர்த்தினார். சட்ட வைத்திய அதிகாரி இறங்கிப் பார்த்தார். எலும்போடு ஒட்டி, நான்கு திருகாணிகளோடு, தகடு இருந்தது.

அவர் மேலே ஏறி வந்து நாகேஸ்வரியிடம் எதையோ மெதுவாகச் சொன்னார். நாகேஸ்வரி எழும்பவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து நெற்றியை ஒருதரம் துடைத்தார். குங்குமம் முழுதும் போகவில்லை. இரண்டாம் தரம் துடைத்தார். பக்கத்தில் நின்ற தர்மிளா தாயின் கையைப் பிடித்துத் தடுத்தாள். "வேண்டாமம்மா, இன்னும் முடிவு வரேல்லையெல்லோ." தாய் கையை விடுவித்துக்கொண்டு மூன்றாம் தரமும் துடைத்தார். தோல் சிவந்துபோயிருந்தது.

அதன் பிறகு ஒன்றும் விரைவாக நடக்கவில்லை. எலும்புகள் பெட்டிகளில் போயின. மரபணுப் பரிசோதனை முடிவு வராமல் உடலைக் கொடுக்க முடியாது என்றார்கள். உடல் கிடைக்காமல் கிரியை செய்ய முடியாது. பின் சீற்றில் இருந்த இருவர் யார் என்று தெரிய வேண்டும் என்று நீதிமன்றம் பத்திரிகையில் அறிவித்தல் போட்டது. பல ஊர்களிலிருந்து தாய்மார் படங்களோடு வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கார் பொலிஸ் வளவில் வேப்பமரத்தடியில் நின்றது. மாரி வந்தது. நவ்பர் ஒரு வழக்குத் தவணைக்குப் போனபோது முன்விளக்குகள் இரண்டையும் காணவில்லை. அடுத்த தவணையில் சில்லுகள் காற்றுப்போய் மண்ணில் புதைந்திருந்தன. கதவைத் திறந்தான். சீற்றுக்குள் எலி கூடு வைத்திருந்தது.

அவன் முதுகுக்குப் பட்டி கட்டிக்கொண்டு திரும்பவும் லொறிகளுக்குக் கீழே படுக்கத் தொடங்கியிருந்தான். மாலையில் பர்வின் அவன் காலை மடியில் தூக்கி வைத்துத் தைலம் தேய்ப்பாள். பெருவிரலைக் கிள்ளி, "தெரியுதோ?" என்பாள். தெரியாவிட்டாலும் தெரியுது என்பான்.

கடைசியாகப் போன தவணையிலும் வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. நீதிமன்றத்தின் மர வாங்கில் நாகேஸ்வரி அவனுக்குப் பக்கத்தில் இருந்தார். வெறும் நெற்றி. தர்மிளா தண்ணீர் வாங்கப் போயிருந்தாள்.

"அவள் முதலே மரணச் சான்றிதழுக்குக் குடுத்தவள் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. விதானை அண்டைக்கே வந்து சொல்லிப்போட்டார். நான் அவளிட்ட ஒண்டும் கேக்கேல்லை. பிறகு அவளே போய் அந்த விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்தவள். இப்ப உண்மையா எடுக்கலாம் எண்டுற நேரம், பரிசோதனை முடிவு வரட்டும் எண்டு நிக்கிறாள்."

"வரும் அக்கா."

"பொலிஸ் காரை விட்ட உடன நான் கடிதம் தருவன். சொன்னது சொன்னதுதான்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். "அதில பொம்பிளை மாப்பிளையை ஏத்துவியளோ?"

நவ்பருக்கு இல்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. அந்தச் சட்டத்தைக் கழற்றி அவர் முற்றத்தில் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் வாங்கின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த அவனுடைய இடது கால் மரத்துப்போயிருந்தது.

"வேற பிழைப்பு இல்லை அக்கா," என்றான்.

நாகேஸ்வரி தலையை ஆட்டினார். கோபமா, சம்மதமா என்று அவனுக்குத் தெரியவில்லை. தர்மிளா தண்ணீர்ப் போத்தலோடு வந்தாள். மூவரும் பஸ் நிலையம்வரை நடந்தார்கள். தர்மபுரம் பஸ் வட்டுவாகல் பாலத்தால், அந்தக் களப்பைத் தாண்டித்தான் போகும். நாகேஸ்வரி வலதுபக்கச் சீற்று ஒன்றைத் தேடி இருந்துகொண்டார். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் கடல்தான் தெரியும், களப்பு தெரியாது.

மாங்குளம் பஸ் வரும்வரை நவ்பர் நிழலில் நின்றான். ஒரு லொறிக்காரர் அழைத்து, கியர்பெட்டி இறக்கிக் கிடக்கிறது, எப்போது வருகிறாய் என்று கேட்டார். "வந்துகொண்டிருக்கிறன்," என்று சொல்லிவிட்டு, காலைக் கையால் தூக்கிப் படியில் வைத்து பஸ்ஸில் ஏறினான்.